நான்காம் பந்தி

ஜவாஹிரின் கடையில் கொம்பியூட்டர் இருந்தது. மவுஸ் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு கொழும்பிலிருந்து பெட்டி வந்தபோது மவுஸும் சேர்ந்துதான் வந்தது. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டியைத் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். திரும்ப அள்ளிப் போட்டபோது திரை இருந்தது, கீபோர்ட் இருந்தது, வால் முளைத்த அந்தச் சின்னச் சாமான் மட்டும் இல்லை. ஜவாஹிர் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. கேட்கிற காலமில்லை அது.

"அடுத்த கிழமை ஒண்டு எடுப்பம் தங்கச்சி" என்றார். அந்த அடுத்த கிழமை 1999 ஆகஸ்ட் வரைக்கும் வரவில்லை.

அதனால் கடையில் கடிதம் அடிக்கிற புஸ்பராணி எல்லாவற்றையும் விரலாலேயே பழகினாள். சுவரில் ஒட்டியிருந்த ஒரு போட்டோ கொப்பித் தாள்தான் அவளுக்கு வாத்தியார். ஷிப்டை அமுக்கிக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் ஓர் எழுத்து கறுக்கும். கொன்ட்ரோலும் சேர்ந்தால் ஒரு சொல். ஷிப்டும் எண்ட் கீயும் என்றால் வரியின் முடிவு வரை. கொன்ட்ரோல், ஷிப்ட், கீழ் அம்பு மூன்றும் என்றால் ஒரு பந்தி. கொன்ட்ரோலும் ஏ-யும் என்றால் தலையிலிருந்து கால் வரை கடிதம் முழுவதும் கறுப்பு. கறுத்ததைத் தனியாக அழிக்கத் தேவையில்லை. கறுத்திருக்கும்போது ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். பழையது போய்விடும், புதியது அந்த இடத்தில் குந்திக்கொள்ளும்.

அந்தக் கடைசிச் சங்கதியை வைத்துத்தான் அவளுடைய தொழில் நடந்தது.

துறைமுக வீதியில் அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் டெலிபோன் பேச வருகிறவர்கள். மீதிப்பேர் பெண்கள். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், தம்பியைக் காணவில்லை, இங்கிலீசில் ஒரு கடிதம் வேண்டும். கொழும்பில் இதை விசாரிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. சில திங்கட்கிழமைகளில் மூதூரிலிருந்து லோஞ்ச் படகு வந்து சேர்ந்ததும் வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். அத்தனை பேரும் இரண்டு மணி லோஞ்சில் திரும்ப வேண்டியவர்கள். இராணுவம் தருகிற பாஸ் அன்றைக்கு மட்டும்தான். ஆளுக்கொரு கடிதம் புதிதாக அடிக்க எங்கே நேரம்?

ஆகவே முன்னால் வந்தவளின் கடிதத்தைத் திறப்பாள். முதற்பந்தியில் பெயரைக் கறுப்பாக்கிப் புதுப்பெயர். அடையாள அட்டை இலக்கத்தைக் கறுப்பாக்கிப் புது இலக்கம். இரண்டாம் பந்தியில் திகதியும் இடமும். மூன்றாம் பந்தியில் நடந்த கதை. நான்காம் பந்தி எல்லோருக்கும் ஒன்றுதான், 'விசாரித்து அறியத் தரவும்' என்ற மன்றாட்டம். அதைக் கொன்ட்ரோலும் கீழ் அம்புமாக ஒரே தாவலில் கடந்து, அடியில் தாயின் பெயரை மாற்றுவாள். புதுப்பெயரில் சேமித்தால் முடிந்தது. எட்டு நிமிடம்.

"இந்தப் புள்ள கை வச்சா ஒரு மையத்து எழும்ப, மற்ற மையத்து அதே இடத்தில வந்து படுக்கும்" என்று ஜவாஹிர் ஒருநாள் பிணத்தை வைத்துப் பகிடி விட்டார். வாசலில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரும் பிறகு அதைச் சொல்லவில்லை.

அந்தக் கடிதங்களுக்கெல்லாம் மூத்த கடிதம் புஸ்பராணியுடையது. புருஷன் ஞானசேகரம், மின்கம்பி வேலைக்காரன், 1996-இல் உப்புவெளியில் வேலைக்குப் போகிற வழியில் சிப்பாய்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைக்குக் கொம்பியூட்டர் வந்த முதற்கிழமையே, ஒரு சட்டத்தரணியின் எழுதுவினைஞர் தந்த மாதிரியைப் பார்த்து, வெற்றுத் தாளில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். 'விசாரிக்கப்படுகிறது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. பிறகு உப்புவெளி வீட்டைப் பூட்டிவிட்டு, டவுனில் சின்னம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் எழுதியவள் தனக்கென்று இரண்டாவது கடிதம் எழுதவில்லை.

*

ஆகஸ்ட் இருபத்து மூன்று, திங்கள். பதினொரு மணிக்குச் சிவகாமிப்பிள்ளை வந்தாள்.

ஈச்சிலம்பற்றுக்காரி. ஐம்பது வயதிருக்கும். போன வருடம் ஜூன் மாதம் அவளுடைய மகன் நகுலேஸ்வரன் மூதூர் ஆலைக்கு நெல் மூட்டை கொண்டுவந்தான். மூட்டை ஆலையில் கிடந்தது, ஆள் இல்லை. செப்டம்பரில் புஸ்பராணிதான் கடிதம் அடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை வந்து, "ஏதும் வந்ததோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவள். இன்றைக்கு அவள் கேட்கவில்லை.

"ஒரு கதிரை போடு பிள்ளை. நான் இண்டைக்கு இருந்துதான் கதைப்பன்."

"என்னம்மா, முகத்தில ஒரு வெளிச்சம்?"

"வராமப் பின்ன? விட்டாச்சாம்."

"ஆரை?"

"ஆரையோ? என்ர பொடியனைத்தான்." பையிலிருந்து ஒரு மண்ணிற உறையை எடுத்து மேசையில் வைத்தாள். "இண்டைக்குக் காலமை மூதூர்த் தபால் கந்தோரில எடுத்தது. லோஞ்சில ஒரு மாஸ்டர் வந்தவர், குடுத்து வாசிக்கச் சொன்னன். பாத்திட்டு, 'உங்கட ஆளை விட்டுட்டாங்களாம் அம்மா' எண்டார். அவ்வளவுதான், லோஞ்ச் முழுக்க ஒரே சத்தம். ஒரு கிழவன் எழும்பி எனக்கு இடம் தந்தவர். அதுக்குப் பிறகு மிச்சத்தை ஆர் வாசிக்கிறது?"

டெலிபோன் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஜவாஹிர் எட்டிப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். நான் சொல்லல்லையா, இந்தப் புள்ளைட கை ராசியான கையெண்டு? பிளேன்டீ ஒண்டு சொல்லவா?"

"சொல்லுங்கோ தம்பி. இண்டைக்குச் சீனி கூடப் போடச் சொல்லுங்கோ."

புஸ்பராணிக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை கடிதத்தில் ஒன்றாவது வேலை செய்திருக்கிறது.

"விட்டது சரி" என்றாள் சிவகாமிப்பிள்ளை. "ஆள் வீட்டுக்கு வரேல்லையே. அதுதான் பேப்பரில ஒரு விளம்பரம் போடோணும். தமிழில. நான் சொல்லுறன், நீ அடி."

புஸ்பராணி தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"மகன் நகுலன் அறிவது. உன்னை விட்டாச்சு எண்டு கடிதம் வந்தது. நீ எங்க நிக்கிறாய் எண்டு எங்களுக்குத் தெரியாது. வெக்கப்படாம வீட்டுக்கு வா. அப்பா ஏசமாட்டார். நெல்லு மூட்டையை ஆலைக்காரர் திருப்பித் தந்திட்டார்."

"நெல்லு மூட்டையும் பேப்பரில வரோணுமோ அம்மா?"

"வரோணும். மூட்டை துலைஞ்சதுக்கு அப்பா ஏசுவார் எண்டு பயந்து நிண்டாலும் நிப்பான். அவன்ர குணம் எனக்கெல்லோ தெரியும்."

அடித்தாள்.

"எங்கையும் ஒருத்தியைக் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, அவளையும் கூட்டிக்கொண்டு வா எண்டு போடு."

ஜவாஹிர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதேங்கோ தம்பி. விட்ட ஆம்பிளை வீட்டுக்கு வராம நிண்டா வேற என்ன காரணம்?" தேநீரை ஊதிக் குடித்தாள். "பிள்ளை, எந்தத் திகதியில விட்டவங்கள் எண்டு கடிதத்தில கிடக்கும். பாத்து அதையும் போடு."

புஸ்பராணி உறையிலிருந்து தாளை இழுத்தாள். இங்கிலீசில் ஆறு வரி.

'தங்கள் 07.09.1998 திகதிய கடிதத்தின் நான்காம் பந்தியில் கோரியவாறு, 642181035V இலக்க அடையாள அட்டைக்குரிய நபர் பற்றி விசாரிக்கப்பட்டது. மேற்படி நபர் 12.03.1998 அன்று விடுவிக்கப்பட்டார். ஆட்சேபம் இருப்பின் இக்கடிதத் திகதியிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் பதிவுத் தபாலில் அறிவிக்கவும். தவறின் கோப்பு மூடப்படும்.'

முதலில் திகதிதான் கண்ணில் பட்டது. மார்ச். நகுலேஸ்வரனைப் பிடித்தது ஜூனில். பிடிப்பதற்கு மூன்று மாதம் முன்னாலேயே விட்டிருக்கிறார்கள். அங்கேயும் யாரோ அவசரத்தில் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

பிறகு இலக்கத்தைப் பார்த்தாள்.

அறுபத்து நாலு. இந்த நாட்டில் அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருடம். சாவடியில் நிற்கிற சிப்பாய்க்கும் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நகுலேஸ்வரன் எழுபத்தேழில் பிறந்தவன்.

மிச்ச எண்களை அவள் வாசிக்கத் தேவையிருக்கவில்லை. ஐந்து வருடம் ஒவ்வொரு சாவடியிலும் இரண்டு அட்டைகளைச் சேர்த்து நீட்டியவள். புத்தகத்தில் பதிகிறவன் ஓர் எண்ணைப் பிழையாக எழுதினால் திருத்திச் சொன்னவள்.

அது ஞானசேகரத்தின் இலக்கம்.

*

"ஒரு நிமிசம் அம்மா" என்று சொல்லிவிட்டுப் புளொப்பியைப் போட்டாள்.

சிவகாமிப்பிள்ளையின் பழைய கடிதத்தைத் திறந்தாள். கொன்ட்ரோலும் கீழ் அம்பும். முதற்பந்தி, நகுலேஸ்வரன், எழுபத்தேழு. சரி. இரண்டாம் பந்தி சரி. மூன்றாம் பந்தியில் நெல் மூட்டை. சரி. நான்காம் பந்தி. விரல் பழக்கத்தில் தாவப் பார்த்தது. நிறுத்திப் பிடித்தாள். இரண்டு வருடத்தில் அந்தப் பந்தியை முதல்முறையாக வாசித்தாள்.

'642181035V இலக்க அடையாள அட்டைக்குரிய மேற்படி நபர் எங்கு வைக்கப்பட்டுள்ளார் என விசாரித்து அறியத் தருமாறு மன்றாடுகிறேன்.'

தன் முதற்கடிதத்தில் அவளே அடித்த வரி. அன்றைக்கு அந்த வரியில் பெயரை இன்னொருமுறை எழுத மனம் வரவில்லை. பெயருக்குப் பதிலாக இலக்கத்தைப் போட்டாள்.

போன வெள்ளிக்கிழமை கடைசியாகச் சேமித்த கடிதத்தைத் திறந்தாள். நான்காம் பந்தி, அறுபத்து நாலு. ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய கடிதங்கள். முதலாவதிலும் கடைசியிலும் இருந்தால் நடுவில் இருக்கிற அத்தனையிலும் இருக்கும். பட்டியலை எண்ணினாள். அவளுடையது நீங்க நாற்பத்தொன்று.

நாற்பத்தொரு பெண்கள் கையெழுத்துப் போட்டு ஒரே ஆளைத் தேடியிருக்கிறார்கள். நாற்பத்தொரு பொடியன்களை ஒருவரும் தேடவில்லை.

எழும்பிப் போட்டோ கொப்பி மெஷின் பக்கம் போனாள். ஜவாஹிர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே வந்தார். தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடிதத்தை வாங்கித் திகதியைப் பார்த்தார். ஆகஸ்ட் இரண்டு.

"இருபத்தொரு நாள் எண்டா இண்டைக்குத்தான் கடைசி" என்றார். "தபால் கந்தோர்ல பதிவுக் கவுன்டர் மூணு மணிக்குப் பூட்டுவான்."

"ஓம்."

"இஞ்ச பாருங்க தங்கச்சி. புதுக் கடிதம் ஒண்டு அடிங்க, சரியான இலக்கத்தப் போட்டு. நன்றிக் கடிதம் எண்டு சொல்லிக் கையெழுத்த எடுங்க. அவவுக்கு இங்கிலீஸ் தெரியாது. ரெண்டு மணி லோஞ்சில ஏத்தி உட்டுட்டு நாம தபாலப் பாப்பம். மனிசி சந்தோசமாப் போகட்டும்."

"போய்?"

"போய் இருக்கட்டும்."

"போய்ப் பொடியன்ர உடுப்பைத் தோய்ச்சு வைப்பா. நாய் குலைச்சா எழும்பிப் படலையைப் பாப்பா. நான் அந்த வேலையைத்தான் மூண்டு வருசமாச் செய்யிறன், ஜவாஹிர் நானா."

ஜவாஹிர் மெஷினின் மூடியை இறக்கி மூடினார்.

"என்ர அவரை விட்டிருக்கினம்" என்றாள் புஸ்பராணி. "போன வருசம் மார்ச்சில. சின்னம்மா வீடு அவருக்குத் தெரியும். பஸ்ஸால இறங்கினா இந்தக் கடை வாசலாலதான் போகோணும்."

"கடதாசில உட்டவனெல்லாம் ரோட்டுல வரல்ல. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். ரெண்டில எது நல்லம் எண்டு சொல்லுங்கோ. உசிரோட நிண்டு வராம விட்டதோ, வர ஏலாமப் போனதோ?"

அவர் கடிதத்தை இரண்டாக மடித்தார். பிறகு விரித்தார். அவளிடமே கொடுத்துவிட்டு டெலிபோன் பக்கம் போய்விட்டார்.

*

கொன்ட்ரோலும் என்-னும். வெற்றுத் தாள் வந்தது. இந்தக் கொம்பியூட்டரில் கடிதத்துக்கென்று அவள் வெற்றுத் தாள் திறந்தது இது இரண்டாம் தடவை.

ஜவாஹிர் சொன்னபடியே செய்துவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் வரைக்கும் இருந்தாள். பெயரை அடித்தாள். இலக்கம் வேண்டும். பழைய கடிதத்தின் முதற்பந்தியில் இருக்கிறது, எடுத்து ஒட்டலாம். விரல் போகவில்லை.

"அம்மா, மகன்ர அடையாள அட்டை இலக்கம் சொல்லுங்கோ."

சிவகாமிப்பிள்ளை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தாள். கடைசி வி-யையும் விடவில்லை. பிறகு கேட்டாள்: "விளம்பரத்துக்கு இலக்கம் என்னத்துக்கு? அதோட, இங்கிலீசிலயெல்லோ அடிக்கிறாய்?"

புஸ்பராணி திரும்பி உட்கார்ந்தாள்.

"அம்மா, விட்டது உங்கட மகனை இல்லை."

"என்ன?"

"கடிதத்தில கிடக்கிற இலக்கம் அவரின்ர இல்லை. நான் பிழை விட்டிட்டன். போன வருசம் நான் அடிச்ச கடிதத்தில, கீழ் வரியில, வேற ஆளின்ர இலக்கம் நிண்டிட்டுது. நான் பாக்கேல்லை. அவங்கள் அந்த ஆளைத்தான் விசாரிச்சிருக்கிறாங்கள்."

தேநீர்க் கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தாள் சிவகாமிப்பிள்ளை. "காட்டு."

"இங்கிலீசில அம்மா, உங்களுக்கு…"

"இலக்கம் எனக்கு வாசிக்கத் தெரியும். காட்டு."

பழைய கடிதத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். நான்காம் பந்தி. ஷிப்டை அமுக்கிக்கொண்டு அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினாள். பத்துத் தட்டு. இலக்கம் மட்டும் கறுப்புப் பட்டைக்குள் வெள்ளையாக நின்றது. சிவகாமிப்பிள்ளை திரைக்குக் கிட்டக் குனிந்து, உதடு அசைய, எண்ணெண்ணாக வாசித்தாள்.

"இது ஆரின்ர?"

"என்ர அவரின்ர."

வாசலில் லொறி ஒன்று போனது. அது போய் முடிந்ததும் அவள் திரையை விட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப பதினொரு மாசமா என்ர பிள்ளையை ஒருதரும் தேடேல்லை."

"இல்லை அம்மா."

"நான் வெருகலால நடந்து, பாஸுக்கு நிண்டு, லோஞ்சில ஏறி வந்து, கையெழுத்துப் போட்டு, உன்ர புருசனைத் தேடிக் குடுத்திருக்கிறன்."

புஸ்பராணி விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள்.

"மாசாமாசம் வந்து கேட்டனே. ஏதும் வந்ததோ, ஏதும் வந்ததோ எண்டு. ஒருக்கால் திறந்து பாத்திருக்கலாமே நீ."

"பாத்திருக்கலாம்."

"ஏன் பாக்கேல்லை?"

"அந்த வரியை எனக்கு வாசிக்க ஏலாது அம்மா. அதால தாண்டிப் போறனான்."

"உனக்கு வாசிக்க ஏலாது" என்று சிவகாமிப்பிள்ளை அதையே திருப்பிச் சொன்னாள். குரல் உயரவில்லை. "எனக்கு வாசிக்கவே தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் வாசிச்சிருப்பன்."

ஜவாஹிர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தம்பி, நீங்க பேசாம இருங்கோ" என்றாள், அவரைப் பார்க்காமலே.

பன்னிரண்டு நாற்பதுக்குப் புதுக் கடிதம் முடிந்தது. நான்கு பந்தி. ஒவ்வொரு எழுத்தும் கையால் அடித்தது. பிரின்டர் கரகரத்துத் தாளைத் தள்ளியது. சிவகாமிப்பிள்ளை அதைப் பறிக்கிற மாதிரி எடுத்தாள்.

"இலக்கம் எத்தினை இடத்தில கிடக்கு?"

"ரெண்டு இடத்தில."

"விரலை வைச்சு வாசி."

வாசித்தாள்.

"மற்றது."

வாசித்தாள்.

"திருப்பி வாசி."

மூன்று தரம் வாசிக்க வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். புஸ்பராணி உறையை எடுத்து, தபாலுக்குத் தானே கொண்டுபோகிறேன் என்றாள்.

"வேண்டாம். உன்ர கையில தரமாட்டன்."

"லோஞ்ச் போயிடும் அம்மா."

"போனாப் போகட்டும். நீ கொண்டுபோய் வேற ஆரின்ர உறையைக் குடுத்தாலும் குடுப்பாய்."

எழும்பினாள். பையைத் தோளில் போட்டாள். திரையில் பழைய கடிதத்துக்குப் பின்னால் அவளுடைய விளம்பரத்தின் ஓரம் தெரிந்தது. வாசிக்கத் தெரியாவிட்டாலும், தமிழ் எழுத்தைக் கண்டு அது தன்னுடையதென்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்த விளம்பரத்தை நீ போடு" என்றாள். "பேரை மட்டும் மாத்து. உனக்கு அது பழக்கம்தானே."

போய்விட்டாள். ஜவாஹிர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

*

இரண்டு மணி அடித்த பிறகுதான் அவர் திரும்பி வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"சீல் குத்தியாச்சு. ஒண்டேகாலுக்கே குத்தியாச்சு. ரசீது என்ர கையில தரல்ல, சேலைத் தலைப்புல முடிஞ்சிட்டா. லோஞ்சுக்கு இறங்குதுறையில சோதனை. கயிறு அவிழ்க்கிற நேரம் ஏறினா."

"ஏதும் சொன்னவாவோ?"

"இல்ல." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "திரும்பியும் பாக்கல்ல" என்றார். முகத்தைக் கழுவப் பின்னால் போனார்.

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. புஸ்பராணி விளம்பரத்தைத் திரை முழுவதும் வரும்படி திறந்தாள்.

'மகன் நகுலன் அறிவது. உன்னை விட்டாச்சு என்று கடிதம் வந்தது. நீ எங்கே நிற்கிறாய் என்று எங்களுக்குத் தெரியாது. வெட்கப்படாமல் வீட்டுக்கு வா.'

மாற்றுவதற்கு அதில் அதிகமில்லை. 'மகன் நகுலன்' இரண்டு சொல். 'அப்பா ஏசமாட்டார்' என்பதை எடுத்துவிட வேண்டும், நெல் மூட்டையையும். அந்தப் பெண்ணைப் பற்றிய வரி நிற்கலாம். எவளையாவது கட்டியிருந்தால் கூட்டிக்கொண்டு வா. அவள் இதுவரை நினைத்துப் பார்க்காத வரி. இப்போது அதுதான் இருப்பதிலேயே நல்ல வரியாகத் தெரிந்தது. அவன் எங்கேயோ ஒருத்தியோடு இருக்கிறான். காலையில் சாப்பிட்டுவிட்டு, கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். இருக்கட்டும். நாசமாய்ப் போகட்டும். உசிரோடு இருக்கட்டும்.

கொன்ட்ரோலும் ஹோமும். கொன்ட்ரோல், ஷிப்ட், வலது அம்பு. ஒரு சொல். இன்னொரு தட்டு. இரண்டு சொல். 'மகன் நகுலன்' கறுத்து நின்றது.

முதல் எழுத்தைத் தட்டினாள். நகுலன் போய்விட்டான். அந்த இடத்தில் 'ஞா' என்று ஓர் எழுத்து மட்டும் நின்றது.

"புள்ள, புஸ்பராணிப் புள்ள."

வாசலில் பரீதா. கிண்ணியாக்காரி. சித்திரை மாதம் மகன் தாஹிருக்காகக் கடிதம் அடித்தவள். மீனுக்குப் போனவன் தோணியோடு திரும்பவில்லை, கரையில் பிடித்ததைக் கண்டவர்கள் உண்டு. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு மண்ணிற உறை. ஓரம் பிரிக்கப்படவில்லை.

"தபால்காரர் இப்பதான் தந்தார். கையோட பாதைப் படகுல ஏறி ஓடி வாறன். ஊட்டுக்காரர் உடைக்கச் சொன்னார், நான் உடைக்கல்ல. நீங்கதான் உடைக்கணும் எண்டு சொல்லிட்டன். உங்கட கை ராசியான கையாமே. ஈச்சிலம்பத்துப் பொம்பிளைட மகன உட்டுட்டாங்களாம், இறங்குதுறைப் பக்கம் எல்லாரும் கதைக்காங்க."

ஜவாஹிர் முகத்தில் தண்ணீர் வழிய வந்து நின்றார். உறையைப் பார்த்தார். புஸ்பராணியைப் பார்க்கவில்லை.

அவளும் உறையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பதினேழு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரே இலக்கம், ஒரே பதில், ஒரே திகதி. இன்றைக்கு மூன்று மணியோடு கோப்பு மூடப்படும். மற்றவர்களின் உறைகளும் எந்தத் தபால் கந்தோர் மேசையில் கிடக்கின்றனவோ, எந்தச் சாவடியில் பிரித்துப் பார்க்க வைத்திருக்கிறார்களோ. எத்தனை வீட்டில் இப்போது சந்தோசமோ.

கொன்ட்ரோலும் டபிள்யூ-வும். விளம்பரத்தைச் சேமிக்கவா என்று கொம்பியூட்டர் கேட்டது. வேண்டாம் என்று என்-ஐ அமுக்கினாள். ஞா என்ற எழுத்தும் போய்விட்டது.

வெற்றுத் தாளைத் திறந்தாள்.

"உறை பிறகு ராத்தா. முதல்ல இருங்கோ" என்றாள். "மகன்ர அடையாள அட்டை இலக்கத்தை மெதுவாச் சொல்லுங்கோ. ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ."